நாலு இஞ்ச் கணக்கு

அம்மாவின் இரண்டு தோள்களிலும் விரல் பதியும் அளவுக்குப் பள்ளம் உண்டு. குடம் சுமந்த தழும்பு என்றே சின்ன வயதில் நினைத்திருந்தேன். முப்பது வயதில், குளிக்கும்போது என் தோளிலும் அதே பள்ளம் கையில் தட்டுப்பட்டது. நான் குடம் சுமந்தவள் இல்லை. பிராவின் வார் அழுத்திய தடம் அது.

நான் போட்டுக்கொண்டிருந்தது 38பி. போன கடையிலெல்லாம் அதைத்தான் கொடுத்தார்கள். கடைசியாகப் போன கடையில் மார்புக்குக் கீழே டேப்பைச் சுற்றிய பெண், "32 வருது. நாலு கூட்டணும்க்கா, அப்ப 36" என்றாள். மார்பின் சுற்றளவு 39. மூன்று இஞ்ச் வித்தியாசம், ஆகவே சி. "36சி ஸ்டாக் இல்ல. 38பி எடுத்துக்குங்க, கப் ஒண்ணுதான்." வீட்டுக்கு வந்து போட்டால் பின்பட்டை முதுகில் மேலேறும், கப்புக்கு வெளியே சதை பிதுங்கும். என் உடம்புதான் கோணல் என்று அத்தனை வருடம் நம்பியிருந்தேன். அதை நினைத்தால் இன்றும் தொண்டை அடைக்கிறது.

அந்த நாலு எங்கிருந்து வந்தது? அதைத்தான் தேடத் தொடங்கினேன்.

முதலில் கையில் கிடைத்தது 1914ஆம் ஆண்டின் அமெரிக்கக் காப்புரிமை. இரண்டு கைக்குட்டைகளையும் ரிப்பனையும் சேர்த்துத் தைத்த மேரி ஃபெல்ப்ஸ் ஜேக்கப் வாங்கியது. பல அளவுப் பெண்களுக்கும் பொருந்தும் என்று அதில் எழுதியிருக்கிறார். ஆனால் கப் என்ற ஒன்றே அதில் இல்லை. வார்னர் பிரதர்ஸ் கார்செட் நிறுவனத்துக்கு 1,500 டாலருக்கு அதை விற்றுவிட்டார்.

எழுத்துகள் வந்தது பிறகுதான். மிச்சிகன் மாநிலத்து எஸ்.எச். கேம்ப் நிறுவனம் 1930களின் தொடக்கத்தில் மார்பின் அளவையும் தொங்கலையும் ஏ முதல் டி வரை நான்காகப் பிரித்தது. 1933 பிப்ரவரியில் ஒரு வணிக இதழில் அந்த எழுத்துகளோடு விளம்பரம் வந்தது. 1937இல் வார்னர் நிறுவனமும் கப் அளவுக்கு மாறியது. நான்கே எழுத்து! டி என்றால் "ரொம்பப் பெரிசு" என்று நம் கடைகளில் இன்றும் குரலைத் தாழ்த்திச் சொல்வது, அங்கே போட்ட கோட்டின் மிச்சம் என்றே எனக்குப் படுகிறது.

நாலு கூட்டும் முறையும் அந்த நூற்றாண்டின் நடுவில் அமெரிக்கக் கடைகளில் வேரூன்றியிருந்தது. துணிதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஜோசப் ஷிவர்ஸ் ஸ்பான்டெக்ஸ் நூலைக் கண்டுபிடித்ததே 1958இல்தான். நீளாத துணியில் 32 உடம்புக்கு 32 பட்டை போட்டால் மூச்சு விட முடியாது. இன்றைய பட்டையோ இழுத்தால் நன்றாக நீள்கிறது. துணி மாறிவிட்டது, கணக்கு மாறவில்லை. கடைக்கும் அதில் வசதி உண்டு: எட்டு இஞ்ச் வித்தியாசம்கூட நாலாகக் குறைந்து டியில் அடங்கிவிடும். எங்களுக்குத்தான் வினை. மார்பின் எடையை முக்கியமாகத் தாங்க வேண்டியது பட்டை. அது தளர்ந்தால் பாரம் முழுவதும் வாருக்குப் போகும், வார் தோளைத் தின்னும்.

கூட்டாமல் போட்டுப் பார்த்தேன். 39இல் 32 போக ஏழு. பிரிட்டன் அளவில் டிக்குப் பிறகு டிடி, இ, எஃப்; ஏழாவது எழுத்து எஃப். 32எஃப்! நான் போட்டிருந்த கப், 32 பட்டையில் டிடிக்குச் சமம். இரண்டு எழுத்து குறைவு, பட்டையோ ஆறு இஞ்ச் அதிகம்.

அந்த அளவை வெளியூரிலிருந்து வரவழைத்தேன். குனிந்து, பக்கச் சதையையும் கப்புக்குள் சேர்த்து, கடைசிக் கொக்கியில் மாட்டினேன். வாரைக் கழற்றிவிட்டும் பட்டை நின்ற இடத்திலேயே நின்றது. கண் கலங்கிவிட்டது.

மறுநாள் டேப்பை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனேன். நாற்பது வருடமாக 40பி போடுகிறவள். கீழே 34, மேலே 41.

"எஃப்பா? அப்படி ஒரு சைஸ் இருக்காடி?" என்றாள், தோளைத் தடவிக்கொண்டே.