லட்ச ரூபாய்க்கு ஐந்து நொடி

ஒரு நாளைக்கு 86,400 நொடி. நடைபாதையில் துணி விரித்து முந்நூறு ரூபாய்க்கு குவார்ட்ஸ் வாட்ச் விற்கிறார்களே, அதில் ஒழுங்கானது ஒன்று அமைந்தால் நாளைக்கு அரை நொடி முன்னே பின்னே போகும். ஏ.சி. ஷோரூமில் குட்டித் தலையணை மேல் சாய்ந்திருக்கும் லட்ச ரூபாய் ஸ்விஸ் மெக்கானிக்கல் வாட்ச், நாளைக்கு ஐந்து நொடி தப்பினால் 'பிரமாதம்' என்பார்கள். சுவிட்சர்லாந்தில் இதைச் சோதிக்கவே ஓர் அமைப்பு இருக்கிறது. காஸ்க் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். சராசரியாக நாளைக்கு 4 நொடி மெதுவாகவோ 6 நொடி வேகமாகவோ ஓடினால்கூட 'க்ரோனோமீட்டர்' என்று சர்டிபிகேட் கொடுத்துவிடுவார்கள்.

ஆக, பத்து மடங்கு தப்பாக ஓடுவதற்கு முந்நூறு மடங்கு விலை. "இதென்ன சார் அநியாயம்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது.

கொஞ்சம் உள்ளே எட்டிப் பாருங்கள். பேட்டரி இல்லை, சிப் இல்லை. சுருட்டி வைத்த ஒரு ஸ்பிரிங். அது ஒரேயடியாக விரிந்துவிடாமல் பிடித்துப் பிடித்து விடும் பற்சக்கரங்கள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும் ஒரு குட்டிச் சக்கரம், அதன் நடுவில் முடி போல ஒரு ஹேர்ஸ்பிரிங். இன்றைய வாட்ச்கள் பலவற்றில் இது நொடிக்கு எட்டு தடவை துடிக்கிறது. நாளைக்கு 6,91,200 தடவை. உங்கள் இதயமே நாளைக்கு லட்சம் தடவைதான். இத்தனையும் செய்துவிட்டு 86,400-ல் ஐந்து நொடி தப்பு என்றால், 99.99 சதவீதத்துக்கும் மேல் சரி. எந்தப் பரீட்சையில் நாம் இந்த மார்க் வாங்கியிருக்கிறோம்?

ஒரு காலத்தில் இது ஆடம்பரமே இல்லை. ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து 1961-ல் பெங்களூரில் ஹெச்.எம்.டி. வாட்ச் செய்ய ஆரம்பித்தார்கள். காலையில் பல் தேய்ப்பது போல வாட்சுக்குச் சாவி கொடுப்பதும் ஒரு கடமை. 1969 கிறிஸ்துமஸ் அன்று ஜப்பானில் செய்கோ முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த இருபது வருஷத்துக்குள் ஸ்விஸ் வாட்ச் தொழிலில் மூன்றில் இரண்டு பேருக்கு வேலை போனது. எண்பதுகளில் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து ஓசூரில் டைட்டன் தொடங்கியபோது குவார்ட்ஸ் மேல்தான் பணம் கட்டினார்கள். ஜெயித்தார்கள். ஹெச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூட 2016-ல் மத்திய அரசு முடிவெடுத்தது.

மணி பார்க்க மெக்கானிக்கல் வாட்ச் தேவையில்லை என்று ஆன பிறகுதான் ஸ்விஸ்காரர்கள் அதை ஆடம்பரமாக விற்றுப் பிழைத்தார்கள். எங்கள் தெருவில் ஆட்டுக்கல்லில் அரைத்த மாவு என்று போர்டு போட்டு இரண்டு மடங்கு விலைக்கு விற்கிறார்கள். அதே கதைதான்.

இதையெல்லாம் என்னைப் படிக்க வைத்தவள் என் அண்ணன் மகள். ஒரு கட்டுமான கம்பெனியில் சைட் இன்ஜினீயர். அண்ணன் போன பிறகு அந்த வீட்டை அவள் சம்பளம்தான் ஓட்டுகிறது. "சித்தப்பா, ஒன்றரை லட்சம் சேர்த்து வெச்சிருக்கேன். ஒரு நல்ல மெக்கானிக்கல் வாட்ச் வாங்கணும், எதை வாங்கலாம்?" என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி முந்திக்கொண்டார். "நீங்களே சொல்லுங்க தம்பி. அந்தக் காசுக்குத் தங்கம் வாங்கினா நாளைக்கு ஒரு அவசரம்னா அடகு வைக்கலாம். வாட்சைக் கொண்டுபோனா எவன் காசு தருவான்?"

அண்ணி சும்மா சொல்லவில்லை. அண்ணன் ஆஸ்பத்திரியில் இருந்த ஒன்றரை மாசமும் பில் கட்டியது அவருடைய நாலு வளையல்கள்தான்.

அண்ணி சொன்னது சரி என்பதை நீங்களும் முதலில் மனசில் போட்டுக்கொள்ளுங்கள். வாட்ச் முதலீடு இல்லை. சில பிரபல மாடல்கள் 2021-லும் 2022 தொடக்கத்திலும் வாங்கிய விலைக்கு மேல் விற்றன. அதை நம்பி ஓடியவர்கள், அதே வருஷம் விலை இறங்கியபோது முழித்தார்கள். நாம் வாங்கக்கூடிய வாட்ச்களில் பெரும்பாலானவை கடை வாசலைத் தாண்டியதுமே விலை குறைந்துவிடும். திரும்பத் தேவைப்படாத பணம் என்றால் மட்டும் வாங்குங்கள்.

"முதல்ல அம்மாவோட வளையலை மீட்டுக் கொடு. அப்புறம் வாட்சைப் பார்க்கலாம்" என்றேன்.

"மீட்டாச்சு சித்தப்பா. போன வருஷமே. தம்பியோட காலேஜ் ஃபீஸும் கட்டி முடிச்சாச்சு. இது எனக்குன்னு தனியா சேர்த்தது."

இதற்கு மேல் எனக்குப் பேச என்ன இருக்கிறது? இரண்டு பேரும் ஷோரூமுக்குப் போனோம்.

விற்பனையாளர் முதலில் எடுத்து நீட்டியது 44 மில்லிமீட்டரில் ஒரு க்ரோனோகிராஃப். மூன்று குட்டி டயல், இரண்டு பட்டன். அவள் மணிக்கட்டில் தட்டு வைத்த மாதிரி இருந்தது. விட்டத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். ஸ்ட்ராப் மாட்டுகிற காதுகள் மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கும். அவை மணிக்கட்டின் ஓரத்தைத் தாண்டினால் அந்த வாட்ச் உங்களுடையது இல்லை. அவளுக்கு 36-தான் உட்கார்ந்தது. தவிர, க்ரோனோகிராஃப் என்றால் உள்ளே பாகங்கள் அதிகம், சர்வீஸ் செலவும் அதிகம். ஸ்டாப் வாட்ச் வேண்டுமானால் செல்போனில் இருக்கிறது.

அடுத்தது தண்ணீர். பின்மூடியில் 30 மீட்டர் என்று போட்டிருந்தால், முப்பது மீட்டர் ஆழத்துக்கு முங்கலாம் என்று அர்த்தமில்லை. கை கழுவும்போது தெறித்தால் தாங்கும், அவ்வளவுதான். சைட்டில் மழையிலும் வேர்வையிலும் நிற்பவளுக்கு 100 மீட்டர் வேண்டும். கண்ணாடி சஃபையராக இருந்தால் சட்டென்று கீறல் விழாது.

பிறகு மெஷின். 'எங்கள் கம்பெனியே சொந்தமாகச் செய்தது' என்று பெருமையாகச் சொல்வார்கள். பெருமைதான். ஆனால், அதைப் பிரித்துப் பார்க்கவும் பெரும்பாலும் அவர்களிடமே போக வேண்டும். இடா, செலிட்டா போன்ற கம்பெனிகள் செய்யும் மெஷினைப் பல ஸ்விஸ் பிராண்டுகள் வாங்கிப் போடுகின்றன. வேலை தெரிந்த பல மெக்கானிக்குகள் அதைத் திறப்பார்கள், பாகமும் கிடைக்கும். முதல் வாட்சுக்கு இதில் ஒரு கேவலமும் இல்லை.

கடைசியாக ஒன்றை விற்பனையாளரிடம் கேளுங்கள்: "சர்வீஸ் எவ்வளவு நாளைக்கு ஒரு தடவை, எவ்வளவு ஆகும்?" உள்ளே விடும் எண்ணெய் காலப்போக்கில் காய்ந்துவிடும். ஐந்தாறு வருஷத்துக்கு ஒரு முறை பிரித்து, கழுவி, எண்ணெய் விட வேண்டும். பெரிய பிராண்டுகளில் இந்த பில் ஐந்து இலக்கத்தில் வரும். விலையைக் கேட்டுவிட்டு இதைக் கேட்காமல் வருவது, கார் வாங்கிவிட்டு பெட்ரோல் விலையை விசாரிப்பது மாதிரி.

அன்றைக்கே அவளை வாங்க விடவில்லை. "ஒரு மாசம் கழிச்சும் அதே வாட்ச் ஞாபகத்துல இருந்தா வாங்கு" என்றேன். மூன்று தடவை திரும்பப் போய்ப் பார்த்தாள். கடைசித் தடவை வாசலுக்கு எடுத்துவந்து வெயிலில் டயலைப் பார்த்தாள். ஷோரூம் வெளிச்சத்தில் எல்லா வாட்சும் அழகுதான்.

வெள்ளை டயல், மூன்று முள், 36 மில்லிமீட்டர், ஸ்டீல். ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம். பெயர் சொன்னால் விளம்பரமாகிவிடும். பில்லும் வாரண்டி கார்டும் பத்திரம். டிரில்லிங் நடக்கும் இடத்துக்குப் போகும்போது கழற்றி வைக்கிறாள். ஸ்பீக்கர் பக்கத்தில் வைப்பதில்லை. காந்தம் ஏறினால் வாட்ச் தாறுமாறாக ஓடும். நாளைக்கு நாலு நொடி வேகம் என்று தேதி போட்டு நோட்டில் எழுதியும் வைத்திருக்கிறாள்.

மிச்சப் பணத்தைத் தொடவில்லை. தவிர, முதல் சர்வீஸுக்காக மாசம் ஐந்நூறு ரூபாய் என்று ஐந்து வருஷத்துக்கு போஸ்ட் ஆபீஸில் ஆர்.டி. தொடங்கியிருக்கிறாள்.

வாட்சைப் பற்றி அண்ணி இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆர்.டி. போட்டதை மட்டும் பாராட்டினார்.