மை வைக்காத விரல்

பத்திரிகையாளர் ஞாநியின் 'ஓ பக்கங்கள்' என்றால் எனக்கு உயிர். கூடங்குளம் அணு உலை வேண்டாம்னு அவர் எழுதினதை ஆபீஸ் கேன்டீனில் என் சொந்தச் சரக்கு மாதிரி அவிழ்த்துவிடுவேன். 2014-ல் அவரே ஆம் ஆத்மி சார்பில் ஆலந்தூர் இடைத்தேர்தலில் நின்றார். என் தொகுதி! அணு உலைப் போராட்டக்காரர் சுப. உதயகுமாரனும் அதே கட்சியில், கன்னியாகுமரி எம்.பி. தொகுதியில்.

ஏப்ரல் 24, ஓட்டுப்பதிவு. லீவு வேறு. ஒரு ஓட்டில் என்ன ஆகிடப்போகுதுன்னு பி.காம். மூளை கணக்குப் போட, நண்பர்களோடு ஜவ்வாது மலைக்குக் கிளம்பிட்டேன்.

ஜமுனாமரத்தூர் டீக்கடையில் மை வைத்த விரலோடு கிளாஸை நீட்டினார் ஒரு பாட்டி.

"உங்க ஊர்ல ஓட்டு இல்லியா தம்பி?"

"இருக்கு பாட்டி..."

"நல்ல ஆளு யாரும் நிக்கலியாக்கும்?"

டீ நாக்கைச் சுட்டது.

ஞாநி தோற்றார். 2018-ல் காலமாகும்வரை எழுதிக்கொண்டுதான் இருந்தார். நானும் விடாமல் படித்துக்கொண்டுதான் இருந்தேன்.