காலுறை அணியக் கற்பித்த பயிற்றுநர்



புறப்பாட நடவடிக்கையில் கூடைப்பந்துக் குழுவின் பொறுப்பு எனக்கு வந்த பிறகுதான் ஜான் வூடனைப் பற்றித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, இவர் நம்மவர் என்றே தோன்றியது. அடிப்படையில் அவர் ஒரு மொழியாசிரியர்.

அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் 1932இல் பட்டம் பெற்றவர் வூடன். மாணவராக இருந்தபோதே மூன்று முறை அகில அமெரிக்க வீரராகத் தேர்வானார். பின்னர் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டே பயிற்றுநரானார். 1948 முதல் 1975 வரை லாஸ் ஏஞ்சலசிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகக் குழுவைப் பயிற்றுவித்துப் பத்து முறை தேசிய வெற்றியாளராக்கினார். தொடர்ந்து 88 ஆட்டங்களில் வென்ற குழு அது.

என்னைக் கவர்ந்தது இந்த எண்ணிக்கை அன்று. பிள்ளை எத்துணை முயன்றிருந்தாலும் உயர்ந்த புள்ளி வராவிட்டால் பிள்ளையோ ஆசிரியரோ தோற்றுவிட்டதாகக் கருதிய பெற்றோர்களைக் கண்டு அவர் மனம் வருந்தினார். (நமக்குப் பழகிய முகங்கள்தாம்!) 1934இல் வெற்றி என்பதற்குத் தாமே ஒரு விளக்கம் வகுத்தார்: தன்னால் இயன்ற அளவு உயர்வதற்கு முழுமையாக முயன்றோம் என்று அறிவதால் வரும் மனநிறைவே வெற்றி. பக்கத்து இருக்கைப் பிள்ளையின் புள்ளிக்கு அதில் இடமே இல்லை. தேர்ச்சி அறிக்கை வழங்கும் நாள்களில் இதைப் பெற்றோரிடம் சொல்லிப் பார்க்கிறேன். சிலர் தலையசைக்கிறார்கள், சிலர் வகுப்பில் எத்தனையாவது இடம் என்று மீண்டும் கேட்கிறார்கள்.

ஒவ்வோர் ஆண்டும் அவர் நடத்திய முதற்பாடம் காலுறை அணிவது. சுருக்கம் விழுந்தால் கொப்புளம் வரும். கொப்புளம் வந்தால் ஓட இயலாது. நாடறிந்த வீரர்களும் அமர்ந்து, சுருக்கத்தைத் தடவி நீக்கப் பழக வேண்டும்.

1974–75 பருவத்தில் உளவியலாளர் இருவர் அவரது பயிற்சிகளைக் கவனித்துக் குறித்தனர். குறித்தவற்றில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, எதை எப்படிச் செய்வது என்னும் விளக்கம். பாராட்டு சுமார் 7 விழுக்காடு. கண்டிப்பும் ஏறக்குறைய அவ்வளவே. பாராட்டிக்கொண்டே இருப்பதுதான் நல்லாசிரியருக்கு அழகு என்று பட்டறைகளில் கேட்டுப் பழகிய எனக்கு இது வியப்பளித்தது. "நன்று" என்று எழுதிக் கொடுப்பது எளிது. எந்த வரி நன்று என்று காட்டுவதற்கு நேரம் வேண்டும்.

முதலாமாண்டு மாணவர்களுக்கு இவ்வாண்டு முதல் வாரம் முழுவதும் பென்சில் பிடிக்கவே கற்பித்தேன். எழுத்துப் பாடம் எப்போது தொடங்கும் என்று ஒரு தாயார் கேட்டார். தொடங்கிவிட்டது என்றேன்.