இடது பக்கம் கொஞ்சம் கம்மி

எங்கள் வீட்டு மேஜை இழுப்பறையைத் திறந்தால் ஒரு மயானம் தெரியும். அத்தனையும் செத்துப்போன இயர்போன்கள். போன மாசம் உட்கார்ந்து எண்ணினேன். பதினாலு! ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இடியாப்பம் மாதிரிக் கிடக்கின்றன. தூக்கிப் போடச் சொல்லி என் மனைவி வருஷத்துக்கு இரண்டு தடவை நோட்டீஸ் விடுகிறாள். நான் போடுவதில்லை. பி.காம். படித்தவனுக்கு ஒரு சொத்தை ஏட்டிலிருந்து நீக்குவது அவ்வளவு சுலபமான காரியமா?

இந்தப் பதினாலு உயிரைப் பலி கொடுத்ததில் எனக்கு ஒரு பட்டம் கிடைத்திருந்தது. மில்லர்புரத்தில் எங்கள் தெருவில் யார் ஆயிரம் ரூபாய்க்குள் இயர்போன் வாங்கினாலும் என்னிடம் காட்டிவிட்டுத்தான் காதில் வைப்பார்கள். "அண்ணே, கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க." நானும் அதைப் பனியனில் துடைத்துவிட்டு (அடுத்தவர் காது, என்ன இருக்குமோ!) மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, வைரம் பார்க்கிற ஆசாரி மாதிரி ஒரு நிமிஷம் மௌனம் காப்பேன். பிறகு தீர்ப்பு. ஆயிரத்துக்கு மேலே போனால் என் அதிகார எல்லை முடிந்துவிடும். அதெல்லாம் ஹைகோர்ட்.

என் பரீட்சையின் ரகசியங்களைச் சொல்லிவிடுகிறேன். பணமா காசா.

முதலில் அட்டைப் பெட்டி. அதில் '20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை' என்று போட்டிருக்கும். மயங்காதீர்கள். நல்ல காதுள்ள இளைஞனுக்குக் கேட்கக்கூடிய எல்லையே அவ்வளவுதான். நூத்தம்பது ரூபாய் சரக்கிலும் அதையே அச்சடிப்பார்கள். அந்த எல்லைக்குள் எதைத் தூக்கி எதை அமுக்கிப் பாடுகிறது என்பதுதான் விஷயம், அதைப் பெட்டி சொல்லாது. 'தொகுதி முழுக்கச் சேவை செய்வேன்' என்று வேட்பாளர் சொல்வது மாதிரி. அப்புறம் 'எக்ஸ்ட்ரா பாஸ்'. நம்மூரில் கொடைக்கு ஸ்பீக்கர் கட்டினால் பக்கத்துத் தெரு ஓட்டுக்கூரை அதிர வேண்டும், இல்லாவிட்டால் சவுண்டு சர்வீஸ்காரருக்கு மரியாதை இல்லை. அந்த ரசனையைக் கம்பெனிக்காரன் கண்டுபிடித்துவிட்டான்.

பாஸ் நிஜமா, வெறும் உப்புசமா என்று பார்க்க என்னிடம் ஒரு வழி உண்டு. தவில். அதன் வலந்தலையைக் கூடு மாட்டிய விரல்களால் அடிப்பார்கள். 'கணீர்' என்று தெறிக்கும். இடது பக்கம் கழியால் அடிப்பது 'தொம்'. நல்ல இயர்போனில் இரண்டும் இரண்டு மனுஷர்கள் மாதிரி தனித்தனியாகக் கேட்கும். மட்டமானதில் ரெண்டும் ஒரே சாக்குக்குள் கட்டிப்போட்டுப் புரளும். கூடவே நாதஸ்வரம் மேலே ஏறும்போது காதில் ஊசி குத்துகிறதா என்று பார்க்க வேண்டும். கடைசியாகச் சலங்கை. சில்லறை கொட்டுவது மாதிரிக் கேட்டால் பாஸ் மார்க். தகர டப்பாவில் அரிசி குலுக்குவது மாதிரிக் கேட்டால் ஃபெயில்.

இடம் வலம் பார்க்க இருக்கவே இருக்கிறார் இளையராஜா. 'ப்ரியா' (1978) காலத்திலேயே அவர் ஸ்டீரியோவில் இறங்கிவிட்டார். எண்பதுகளின் பாட்டுகளில் கிடார் ஒரு பக்கம், வயலின் கூட்டம் ஒரு பக்கம் என்று பந்தி பிரித்து உட்கார்த்தி வைத்திருப்பார். அதைக் கேட்டால் இயர்போன் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் தெரிந்துவிடும்.

அடுத்தது கட்டுமானம். இதில் நான் ஈவிரக்கம் பார்ப்பதில்லை. ஒயர் சாகிற இடங்கள் மூன்றே மூன்று: பின் சேருமிடம், ஒயர் இரண்டாகப் பிரியுமிடம், காதுக்குள் நுழையுமிடம். மூன்றிலும் வளைந்து கொடுக்கிற ரப்பர் கழுத்து இருக்கிறதா? இல்லாவிட்டால் ஆயுசு எட்டு மாசம். 450 ரூபாயை எட்டு மாசத்தில் நேர்கோட்டு முறையில் தேய்மானம் போட்டால் மாசம் 56 ரூபாய் சொச்சம். எங்கள் ஊருக்கு இன்னொரு வில்லன் உண்டு, உப்புக் காற்று. தூத்துக்குடியில் எந்த மட்டமான பின்னும் சீக்கிரம் பச்சை பூத்துவிடும். பிறகு 'கர்ர் கர்ர்' என்று தொண்டையைச் செருமிக்கொண்டே பாடும்.

சில பேர், "புது இயர்போனை நூறு மணி நேரம் ஓடவிட்டா சத்தம் பழுக்கும் அண்ணே" என்பார்கள். அது என்ன வாழைத்தாரா, புகை போட்டுப் பழுக்க? பழுப்பது நம் காதுதான். எந்தச் சத்தத்தையும் நூறு மணி நேரம் கேட்டால் பழகிப் போகும். கல்யாணம் ஆனவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

காதில் பொருந்துவது பற்றி? "அது போகப் போகச் சரியாயிடும்." அவ்வளவுதான் என் தீர்ப்பு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படியாகத்தானே நான் கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தபோது பதினைந்தாவது இயர்போன் வந்தது. டபிள்யூ.ஜி.சி. ரோட்டில் வழக்கமான கடை. 649 ரூபாய். உலோகக் கூடு, தடி ஒயர், ரப்பர் கழுத்து எல்லாம் பிரமாதம். வீட்டுக்கு வந்து ராஜாவைப் போட்டேன். வயலின்கள் எல்லாம் வலது பக்கம் ஒண்டிக்கொண்டு நின்றன. இடது பக்கம் கொஞ்சம் கம்மி.

மறுநாள் மாற்றிக்கொண்டு வந்தேன். அதிலும் இடது பக்கம் கொஞ்சம் கம்மி! மூன்றாவது நாள் போனதும் அண்ணாச்சி கல்லாவிலிருந்தே பார்த்துவிட்டார்.

"என்ன தம்பி, திரும்ப வந்துட்டிய?"

"இதுலயும் அதே கம்ப்ளெயிண்டுதான் அண்ணாச்சி."

அவரே வாங்கித் தம் காதில் மாட்டிக் கேட்டார். "எனக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணு போலத்தான் கேக்கு."

பாவம், வயசாகிவிட்டது, காது மந்தம் போல என்று மனசுக்குள் அனுதாபப்பட்டேன். பெரிய மனுஷர், மூன்றாவது பீஸும் கொடுத்தார். வீட்டுக்கு வந்து மாட்டினால்... நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

லீவுக்கு வந்திருந்த அக்கா பையன், ஏழாம் வகுப்பு, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். "மாமா, அத மாத்திப் போட்டுப் பாருங்க. வலதை இடதுல."

போட்டேன். வயலின்கள் இடது பக்கம் போக வேண்டும். போகவில்லை. அங்கேயேதான் நின்றன. எதிர்ப்பதிவு போட்டும் டிரையல் பாலன்ஸ் நேராகவில்லை என்றால் தப்பு எங்கே? கணக்கில் இல்லை. கணக்கப்பிள்ளையிடம்.

"மாமா, உங்க காதுதான் ரிப்பேரு" என்றான் அந்தப் பொடியன், கூச்சமே இல்லாமல்.

காது டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டு, "குறும்பி நிறைய இருக்கே" என்றார். எனக்கு உயிர் வந்தது. எடுத்தார். அளவைச் சொல்லி உங்கள் காபியைக் கெடுக்க விரும்பவில்லை. "அவ்வளவுதானே சார்?" என்று எழுந்தேன். "உட்காருங்க, ஒரு டெஸ்ட் எடுத்துருவோம்" என்றார்.

சின்ன அறை. தலையில் பெரிய ஹெட்போன். கையில் ஒரு பொத்தான். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். இத்தனை காலம் நான் இயர்போனைப் பரீட்சை பண்ணினேன் அல்லவா, அன்றைக்கு ஹெட்போன் என்னைப் பரீட்சை பண்ணியது. முதலில் கெட்டியான சத்தங்கள். டக் டக்கென்று அமுக்கினேன். அப்புறம் மெல்லிய 'கீ...'. அப்புறம் நிசப்தம். ரொம்ப நேரம் நிசப்தம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் ஏதோ திருகிக்கொண்டே இருந்தாள். அவள் சத்தம் அனுப்பிக்கொண்டிருக்கிறாள், எனக்குத்தான் வரவில்லை என்பது புரிந்தபோது உள்ளங்கை வியர்த்துவிட்டது.

தாளில் இரண்டு கோடுகள். சமமாகப் போய், 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் வந்ததும் பள்ளத்தில் இறங்கி மறுபடி மேலே ஏறின. வலது காதில் சின்னப் பள்ளம். இடதில் கிணறு.

டாக்டர் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "மில்லுல ஏதும் வேலை பாத்தீங்களா?"

"நான் இல்ல சார். எங்கப்பா."

நிஜம்தான். அப்பா முப்பது வருஷம் ஒரு நூல் மில்லில், ஸ்பின்னிங் பகுதியில். தறிகெட்ட சத்தம். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு வேலை பார்ப்பார்கள். ரிடையராகி வீட்டுக்கு வரும்போது அவர் பேச்சு தெருமுனை வரை கேட்கும். நாங்கள் பேசுவது அவருக்குப் பாதிதான் கேட்கும். இதே மாதிரிப் பள்ளம் அவர் காதிலும் இருந்திருக்கும், யாரும் தாளில் வரைந்து காட்டவில்லை.

டாக்டர் விளக்கினார். காதின் உள்ளே சங்கு மாதிரிச் சுருண்ட ஓர் இடம். (சங்கு குளிக்கிற ஊர்க்காரனுக்கு இது புரியாதா!) அதற்குள் நுண்ணிய ரோமம் முளைத்த செல்கள், ஒரு காதுக்குச் சுமார் 15,000. பலத்த சத்தத்தில் அவை சாயும். அடிக்கடி சாய்ந்தால் செத்துப்போகும். செத்தால் மனுஷனுக்கு மறுபடி முளைக்காது. தலைமுடி விஷயத்திலேயே மனசு உடைந்திருந்த எனக்கு இது இரண்டாவது அடி.

"ஒரு காதுல மட்டும் போட்டுக் கேக்கிற பழக்கம் உண்டா?"

உண்டு சார், உண்டு. இடதில் பாட்டு, கிரிக்கெட், போன், எல்லாம். வலது காது வீட்டுக்காரி கூப்பிடுவதற்கு. ஒற்றைக் காதில் கேட்டால் சத்தம் பற்றாது, கூட்டத்தான் தோன்றும். போதாக்குறைக்கு முத்துநகர் எக்ஸ்பிரஸில் மாசம் ஒரு சென்னைப் பயணம். தடக் தடக்கை ஜெயிக்க வால்யூமை முழுசாக ஏற்றிவிட்டு அப்படியே தூங்கிப் போவேன். விடியும்வரை ராஜா என் காதுக்குள் ஆணி அடித்துக்கொண்டிருப்பார்.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் இதற்கு ஒரு கணக்கே போட்டுக் கொடுத்திருக்கிறது. 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கே நாலு மணி நேரம்தான். கூட்டு வட்டி என்றால் என்ன என்று ஊருக்கே பாடம் எடுக்கிறவன் நான். என் காது கந்துவட்டியில் போய்க்கொண்டிருந்தது தெரியவில்லை.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். "அப்பாவுக்கு சம்பளம் குடுத்துல்லா காதக் கெடுத்தானுவ. நீ காசு குடுத்துக் கெடுத்திருக்கிய, யய்யா!"

அன்று ராத்திரி இழுப்பறை மயானத்தைக் கிளறினேன். அட்டைப் பெட்டிகளுக்குள் சின்னச் சின்ன பாலிதீன் பைகள். ஒவ்வொரு இயர்போனோடும் வந்த சின்ன சைஸ், பெரிய சைஸ் ரப்பர்கள். ஒன்றைக்கூட நான் பிரித்ததில்லை. கம்பெனி மாட்டி அனுப்பிய நடு சைஸிலேயே பதினாலு இயர்போனையும் கேட்டு, பதினாலு தீர்ப்பு எழுதியிருக்கிறேன்.

பதினைந்தாவதில் பெரிய ரப்பரை இடது காதுக்கு மட்டும் மாட்டிப் பார்த்தேன். காதுக்குள் அமுங்கி மூடிக்கொண்டது. ஃபேன் சத்தம் தூரப் போனது. பாட்டைப் போட்டால், அடடா, இடது பக்கம் தொம் என்று தவில் வந்தது! என் இடது காதுக் குழி வலதைவிடக் கொஞ்சம் அகலம். இரண்டு காதும் ஒரே சைஸ் என்று எந்தப் பிரம்மா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான்? சந்து இருந்தால் முதலில் கசிவது பாஸ்தான். வெளிச்சத்தம் அந்தச் சந்து வழியாக உள்ளே வரும். அதை அமுக்க வால்யூமைக் கூட்டுவோம். 'பாஸ் இல்லை' என்று நான் ஃபெயிலாக்கிய பாதி இயர்போன்கள் நிரபராதிகள். சலங்கை மட்டும் இடது பக்கம் திரும்ப வரவில்லை. அது ரப்பர் விஷயம் இல்லை.

காதை அடைத்து மூடுகிற இந்த ரகத்தைப் பெரிய அளவில் யோசித்தவர்களே காதைப் பற்றி ஆராய்ந்தவர்கள்தான். 1991-ல் அமெரிக்காவின் எடிமோடிக் நிறுவனம் ஈ.ஆர்.-4 என்று ஒன்றைக் கொண்டுவந்தது. காதுகேட்கும் கருவிகளில் ஊறியவர்களின் வேலை. 2022-ல் சீனத்து மூன்ட்ராப் 'சூ' என்று சுமார் இருபது டாலருக்கு ஒன்று விற்றது. அதோடு வந்த ரப்பரைத் தனியாக வாங்கினால் அந்த விலையில் பாதிக்கு மேல் ஆகும்! அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

எங்கள் ஊருக்கும் தெரிந்துதான் இருந்தது. 1961 வரை இங்கே முத்துக்குளிப்பு நடந்தது. முத்தை மதிப்புப் போடுகிறவர்கள் முதலில் பளபளப்பைப் பார்ப்பதில்லையாம். பத்துப் பித்தளைச் சல்லடைகள். முதல் சல்லடையில் 20 துளை, கடைசியில் 1,000. முத்து எதில் நிற்கிறதோ அதுதான் அதன் சைஸ். வடிவம், நிறம், விலை எல்லாம் அதற்குப் பிறகு.

இப்போது தெருவில் யாராவது இயர்போன் கொண்டுவந்தால் பாட்டே போடுவதில்லை. சின்னது, நடு, பெரியது என்று மூன்று ரப்பரையும் இரண்டு காதிலும் மாட்டிப் பார்க்கச் சொல்கிறேன். தலையை ஆட்டு, வாயைத் திற, மிக்சர் மெல்லு, நழுவுகிறதா பார். "சவுண்டு எப்படிண்ணே?" என்றால், "சவுண்டுக்கு வேற ஆளப் பாருப்பா" என்கிறேன். பதவி துறந்தாச்சு.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். ஒரு காலத்தில் டிரான்சிஸ்டரைக் காதோடு வைத்து இலங்கை வானொலியின் கரகரப்புக்கு நடுவே பாட்டைப் பொறுக்கி எடுத்தவர். எனக்கு என்ன தோன்றியதோ, இயர்போனை அவர் காதில் வைத்துவிட்டேன். நடு ரப்பர் சரியாக உட்கார்ந்தது. எண்பதுகளின் பாட்டு ஒன்று, சலங்கையோடு ஆரம்பிப்பது.

கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தார். பிறகு தொடையில் தாளம் விழுந்தது.

"ஏல, நல்லாருக்குல்லா!" தெருவே திரும்பிப் பார்த்தது.

"சலங்கை கேக்காப்பா?" வாயை அகலத் திறந்து கேட்டேன்.

"என்னது?"

"சலங்கை! சலங்கை!"

கண்ணைச் சுருக்கித் தேடிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். பிறகு என் கையிலிருந்த போனை வாங்கி, கட்டைவிரலால் சத்தத்தைக் கூட்டினார். சிவப்புக் கோடு வந்து எச்சரித்தது. அதையும் தாண்டிக் கூட்டினார்.

நான் கையை நீட்டினேன். அப்புறம் மடக்கிக்கொண்டேன். பாட்டு முடிகிற வரைக்கும் அவர் காதிலிருந்து கழற்றவில்லை.