மாமா, என்ன நாய் வாங்கலாம்?

உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு ஒரு தடவையாவது வந்திருக்கும். முழுப் பரீட்சை லீவு விட்டதும் பிள்ளைகள் ஆரம்பிப்பார்கள். ‘அப்பா, நாய்க்குட்டி வாங்கலாம்ப்பா!’ அப்பா உடனே செல்போனை எடுத்து எந்த நாய் அழகு, எந்த நாய் வீரம், எது என்ன விலை என்று தேட ஆரம்பிப்பார். அம்மா மட்டும் வாயே திறக்க மாட்டார். அதற்குச் சோறு வைக்கப் போவதும், அது ‘போன’ இடத்தைக் கழுவப் போவதும் யார் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

இந்த வரிசையே தலைகீழ் என்பது என் கட்சி. முதலில் பேச வேண்டியவர் அம்மாதான்.

என் அக்கா மகன் கள்ளக்குறிச்சியில் இருக்கிறான். கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு வாங்கி ஜவ்வரிசி ஆலைகளுக்கு அனுப்புகிற வியாபாரம். பெண்ணுக்கு 9 வயசு, பையனுக்கு 4. மாடி போர்ஷன், இரண்டு பெட்ரூம், மேலே மொட்டை மாடி. போன வருஷம் ஒரு நாள் போன். ‘‘மாமா, என்ன நாய் வாங்கலாம்?’’ எங்கள் வீட்டில் எப்போதும் ஒரு நாய் உண்டு என்பதால், சொந்தக்காரர்கள் மத்தியில் எனக்கு இப்படி ஒரு பட்டம்!

அவன் மனசில் ராட்வைலர் இருந்தது. கையில் பணம் புழங்குகிற வீடு, காவலுக்கு வேண்டுமாம். மகளுக்கு ஹஸ்கி. யூட்யூபில் பார்த்திருக்கிறாள். நீலக் கண், பஞ்சு உடம்பு, ஊளையிட்டே ‘பேசுமாம்’. சின்னவனுக்கு எதுவானாலும் சம்மதம். இழுப்பதற்கு ஒரு வால் இருந்தால் போதும்.

ஹஸ்கியை முதலில் பார்ப்போம். சைபீரியப் பனியில் வண்டி இழுப்பதற்கென்றே வளர்ந்த இனம் அது. ரோமம் இரண்டு அடுக்கு. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கைத் தொங்கப் போட்டு இரைத்து இரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். சித்திரை மாச மத்தியானத்தில் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற அறையில் ஃபேன் போட்டுக்கொண்டு உட்கார்ந்து பாருங்கள். அப்புறம் இரண்டு ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு அதே இடத்தில் உட்காருங்கள். கள்ளக்குறிச்சியில் ஹஸ்கியின் நிலைமை அதுதான். 2024-ல் தமிழக அரசு கொண்டுவந்த நாய் இனப்பெருக்கக் கொள்கையிலும், பெருக்கக் கூடாத இனங்களின் பட்டியலில் ஹஸ்கி இருக்கிறது. பக் நாயும் இருக்கிறது. 2003-ல் ஹட்ச் விளம்பரத்தில் ஒரு பையன் பின்னாலேயே ஓடியதே, அதே சப்பை மூக்கு நாய். அந்த விளம்பரத்தைப் பார்த்துவிட்டு ஊரெல்லாம் பக் வாங்கினார்கள். அந்த அமுங்கின மூக்கால் ஒழுங்காக மூச்சுவிட முடியாது என்பதை விளம்பரம் சொல்லவில்லை.

ராட்வைலருக்கு வருவோம். 2024 மே மாசம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்கா ஒன்றில், அவிழ்த்துவிட்டிருந்த இரண்டு ராட்வைலர்கள் 5 வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறியது நினைவிருக்கும். அதற்கு இரண்டு மாசம் முன்னால்தான் மத்திய அரசு, 23 இனங்களை வளர்க்கத் தடை போடச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியிருந்தது. சம்பந்தப்பட்டவர்களைக் கலந்து பேசாமல் போட்ட உத்தரவு என்று கர்நாடகா, டெல்லி உயர் நீதிமன்றங்கள் ஏப்ரலிலேயே அதை ரத்து செய்துவிட்டன. சட்டம் எப்படிப் போனாலும் போகட்டும். 40, 50 கிலோ எடையும் அதற்கேற்ற தாடையும் உள்ள ஒரு பிராணியை, நாலு வயசுப் பையன் வாலைப் பிடித்து இழுக்கிற வீட்டில் வைக்கலாமா? அது நல்ல நாயாகவே இருக்கட்டும். ஒரே ஒரு நாள் பொறுமை போனால் என்ன ஆகும் என்பதுதான் கணக்கு.

‘‘அப்ப நம்ம ஊரு நாய் வாங்கிடலாம் மாமா. ராஜபாளையம்!’’ என்றான்.

இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். நம் இனங்கள் மேல் எனக்கும் பெருமை உண்டு. 2005 ஜனவரியில் தபால் துறை நாலு நாய்களுக்கு ஸ்டாம்ப் போட்டபோது ராஜபாளையமும் அதில் ஒன்று. 2020 ஆகஸ்ட் வானொலி உரையில் பிரதமர் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லிப் பாராட்டிய பிறகு மவுசு இன்னும் ஏறிவிட்டது. ஆனால், இந்த நாய்கள் எதற்காக வளர்ந்தவை? சிப்பிப்பாறையும் கன்னியும் கரிசல் காட்டில் முயலைத் துரத்தி அம்பு மாதிரி ஓடியவை. கோம்பை, காட்டுப் பன்றியோடு மல்லுக்கு நின்றது. ராஜபாளையம் தோட்டத்தையும் பண்ணை வீட்டையும் காத்தது. இவற்றைக் கொண்டுவந்து மாடிப்படிக்கு அடியில் சங்கிலி போட்டுக் கட்டினால், ஓட வேண்டிய ஓட்டமெல்லாம் உள்ளேயே தங்கி எரிச்சலாக மாறும். அப்புறம் ‘நாய்க்கு வெறி’ என்போம்.

ராஜபாளையத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. வெள்ளை ரோமம், ரோஸ் மூக்கு என்று அழகுக்காகவே திரும்பத் திரும்ப இணை சேர்த்ததில் சில குட்டிகள் காது கேளாமலே பிறக்கின்றன. குட்டி பார்க்கப் போனால், அது வேறு பக்கம் பார்க்கும்போது பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள். காது அசையாவிட்டால் யோசியுங்கள். காது கேட்காத நாய் தூங்கும்போது குழந்தை ஓடிவந்து மேலே விழுந்தால், திடுக்கிட்டுப் பல்லைத்தான் முதலில் காட்டும். அதன் தப்பு இல்லை.

நம் இனங்களில் எனக்குப் பிடித்தது கன்னி. கல்யாணப் பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுத்ததால் அந்தப் பெயர் என்பார்கள். வெளியாளிடம் கூச்சம், வீட்டாரிடம் குழைவு. தோட்டம், துரவு, காலையும் மாலையும் கூட ஓட ஒரு ஆள் இருக்கிற வீடு என்றால் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்வேன். அக்கா மகன் வீட்டில் இருப்பது மொட்டை மாடி.

கடைசியில் எல்லாரும் வந்து நிற்கிற இடம் லாப்ரடார். ‘குழந்தைகளுக்கு ஏற்ற நாய்’ என்று யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். பெரும்பாலும் சரிதான். சுட்ட பறவையைப் பல் படாமல் கவ்விவந்து கொடுக்கப் பழக்கிய வம்சம். சாது. ஆனால், அதுவும் 30 கிலோ. சந்தோஷத்தில் வாலை ஆட்டினாலே நாலு வயசுப் பையன் கீழே விழுவான். தினம் ஒரு மணி நேரமாவது நடக்க வேண்டும். பசிக்கு அளவே கிடையாது. ஏறத்தாழ நாலில் ஒரு லாப்ரடாருக்கு, பசியைக் கட்டுப்படுத்துகிற மரபணு ஒன்றில் ஒரு துண்டு குறைகிறது என்று 2016-ல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். பிள்ளைகள் தட்டில் மீதி வைப்பதையெல்லாம் போட்டால் இரண்டே வருஷத்தில் பீப்பாய்!

இன்னொரு ஆராய்ச்சி, 2022-ல் அமெரிக்காவில் வந்தது. 18,000-க்கும் மேற்பட்ட நாய்களை எடுத்துக்கொண்டு பார்த்தார்கள். ஒரு நாயின் குணம் இன்னொன்றிலிருந்து வேறுபடுவதற்கு, இனம் காரணமாக இருப்பது சுமார் 9 சதவிகிதம்தான் என்று தெரிந்தது. மீதியெல்லாம் தனிக் குட்டி, வளர்ப்பு, அனுபவம். இனத்தின் பேருக்கே நாம் 20,000, 30,000 என்று எண்ணி வைக்கிறோம்.

‘‘நேர்ல வாங்க மாமா, பேசிக்கலாம்’’ என்றான். போனேன். மறுநாள் கிழங்கு பேச மலைக்குக் கிளம்பியவன், என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டான். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி மலைப்பாதை ஏறுகிறது. ஒரு வளைவில், தடுப்புச் சுவர் ஓரமாக ஒரு நாய் உட்கார்ந்திருந்தது. லாப்ரடார். கழுத்தில் சிவப்புப் பட்டை. விலா எலும்பு எண்ணலாம். எங்கள் கார் கிட்டே போனதும் எழுந்து, கண்ணாடிக்குள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தது. நாங்கள் அவர்கள் இல்லை என்று தெரிந்ததும் போய்ப் பழைய இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது. பிஸ்கட் போட்டோம். வாயில் வாங்கிக்கொண்டே அடுத்த வண்டியைப் பார்த்தது.

‘‘டவுன்காரங்க கொண்டாந்து வுட்டுட்டுப் போறாங்க மாமா. இது மூணாவதோ நாலாவதோ’’ என்றான். அப்புறம் வெள்ளிமலை வரைக்கும் அவன் பேசவில்லை. ராட்வைலர் பேச்சு அன்றோடு நின்றுபோனது.

அவன் கிழங்கு வாங்குகிற வீடு வெள்ளிமலைக்கு அப்பால். மலையாளிகள் என்றால் கேரளத்துக்காரர்கள் அல்ல. காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் பழங்குடித் தமிழர்கள். வாசலில் ஐந்து பிள்ளைகள், நடுவில் செம்பழுப்பு நிறத்தில் ஒரு பெட்டை நாய். அதில் ஒன்று நாய் முதுகில் தலை வைத்துப் படுத்திருந்தது. ராத்திரியில் இதே நாய்தான் மரவள்ளிக் காட்டில் பன்றி இறங்கினால் குரைத்து ஊரைக் கூட்டுமாம்.

‘‘இது என்ன ஜாதிங்க?’’ என்றேன் பாட்டியிடம்.

‘‘நாயில என்னா சார் ஜாதி?’’ என்று சிரித்தார். ‘‘நாங்க தாயப் பாத்துத்தான் எடுப்போம். குட்டி கிட்ட புள்ளைங்க போனா தாய் உறுமக் கூடாது. கோழியத் தொரத்தக் கூடாது. புள்ளையக் கடிச்ச தாயோட குட்டி எங்களுக்கு வேணாம்.’’

எந்த இனமானாலும் சரி, அந்தப் பாட்டி சொன்னதைச் செய்யுங்கள். குட்டியைப் பார்க்கும் முன் தாயைப் பாருங்கள். தாயைக் காட்ட மறுக்கிறவரிடம், ‘பஸ் ஸ்டாண்டுக்கு வந்து வாங்கிக்கோங்க’ என்கிறவரிடம் வாங்காதீர்கள். 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017 விதிகளே சொல்கின்றன. அதற்கு முன் தாயிடமிருந்தும் கூடப் பிறந்ததுகளிடமிருந்தும் பிரித்தால், எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்பதையே அது கற்றிருக்காது. சுமார் 3 வாரத்திலிருந்து 14 வாரம் வரை குட்டிக்குப் பள்ளிக்கூடப் பருவம். அதற்குள் குழந்தையின் அழுகை, குக்கர் விசில், மோட்டார் பைக் எல்லாம் பழகிவிட்டால் பிற்பாடு பயமில்லை. நாய் கடிப்பதில் பெரும்பகுதி பயத்தில்தான்.

வீட்டில் அத்தனை பேரையும் உட்காரவைத்து, அன்றைக்கு ராத்திரி நான் கேட்டவை மூன்றே கேள்வி. காலை ஆறு மணிக்கு யார் நடத்திக்கொண்டு போவது? மத்தியானம் மூணு மணிக்கு வீட்டில் யார்? ஒரு வாரம் ஊருக்குப் போனால் யார் வீட்டில் விடுவீர்கள்? முதல் கேள்விக்கே அப்பனும் மகளும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். மருமகள் அப்போதுதான் வாயைத் திறந்தாள். ‘‘ஆறு மணிக்கு நான் அடுப்படியில இருப்பேன் மாமா. இவரு கூட்டிட்டுப் போறதா இருந்தா வாங்கட்டும். மூணு மாசம் தினம் ஆறு மணிக்கு எந்திரிச்சு, நாயில்லாம நடந்து காட்டட்டும்.’’

எந்தக் கால்நடை டாக்டரும் இதைவிட நல்ல யோசனை சொல்லியிருக்க மாட்டார்.

அந்த மூணு மாசத்தில் சின்னவனுக்குப் பாடம் நடத்தினோம். சாப்பிடும்போது தொடாதே, தூங்கும்போது எழுப்பாதே, உறுமினால் விலகிப் போ. உறுமுகிற நாயைப் பெரியவர்களும் அடிக்கக் கூடாது. அடித்தால் உறுமுவதை விட்டுவிட்டு நேரே கடிக்கும். குழந்தையின் முகமும் நாயின் வாயும் ஒரே உயரம் என்பதை மறக்காதீர்கள். எவ்வளவு சாதுவானாலும் இரண்டையும் தனியாக விட்டு அடுத்த அறைக்குப் போகாதீர்கள். சின்னப் பிள்ளைகளைக் கடிப்பது தெரு நாய் மட்டுமல்ல, தெரிந்த நாயும்தான்.

லேசாகப் பல் பட்டால்கூட சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த் தூள் எதுவும் வேண்டாம். தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்பதெல்லாம் பழைய கதை. இப்போது கையில் போடுகிற நாலைந்து தடவை ஊசிதான். காயம் ஆழமென்றால் காயத்தைச் சுற்றியும் ஒரு மருந்து போடுவார்கள். அறிகுறி வந்துவிட்டால் ரேபிஸுக்கு வைத்தியம் இல்லை. குட்டிக்கு 3 மாசத்தில் முதல் ரேபிஸ் ஊசி, அப்புறம் டாக்டர் சொல்கிறபடி. பணம் கட்டி வாங்கிய ‘ஜாதி’ நாயானாலும் இதில் சலுகை கிடையாது.

அவன் நடந்தான். நடுவில் நாலு நாள் மழையில் விட்டுப்போனது, அவ்வளவுதான். அவர்கள் தெருவிலேயே மாவு மில் வாசலில் ஒரு பழுப்புப் பெட்டை இருக்கிறது. நாலு வருஷமாக ஸ்கூல் விட்டு வருகிற பிள்ளைகள் அதன் காதைப் பிடித்துக் கொஞ்சிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகும். ஒருத்தரையும் கடித்ததில்லை. அது ஈன்ற மூணு குட்டியில் ஒன்றை, 9 வாரத்தில், மருமகளே போய்த் தூக்கி வந்தாள். கால்நடை ஆஸ்பத்திரிச் சீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். இனம் என்ற இடத்தில் ‘நாட்டு நாய்’ என்று போட்டிருந்தது. பெயர் என்ற இடத்தில், மகள் பிடிவாதமாக எழுதவைத்தாளாம்: ‘ஹஸ்கி’.