தோலும் சாயமும்: யட்டவத்தப் பயணம்

மாத்தளை என்றவுடன் வாசகர்களுக்கு முத்துமாரியம்மன் கோயிலின் மாசிமகத் தேர்த் திருவிழா நினைவுக்கு வரும். மிளகும் கொக்கோவும் ஏலமும் நினைவுக்கு வரும். ஒரு துண்டுத் தோலைப் பத்திரமாகக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு, அதில் சாயம் பூசும் வகையைக் கேட்டறிவதற்காக மாத்தளைப் பக்கம் போனவர்கள் பலர் இருக்கமாட்டார்கள். அப்படி ஒரு பயணத்தை நாம் மேற்கொள்ள நேர்ந்தது.

நம் வீட்டுப் பெரியவர் தோட்டப் பாடசாலையில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தம்மிடம் படித்த பிள்ளைகளின் பெயர்களையெல்லாம் வரிசையாக எழுதி வைத்த குறிப்பேடு ஒன்று அவரிடம் உண்டு. இப்போது அதன் அட்டை நைந்து, தையல் பிரிந்து கிடக்கிறது. அவருக்கு எண்பது வயது நிறையும் நாளுக்கு அக்குறிப்பேட்டிற்குத் தோலுறை ஒன்று செய்து கொடுக்க வேண்டும் என்று பேரன் ஆசைப்பட்டான். பாடசாலை மாணவன், கையில் சேர்த்து வைத்த காசைக் கொடுத்து, மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல் வாங்கினான். நடுவில் கரும்பழுப்பு, சுற்றிலும் ஓர் அங்குல அகலத்திற்குத் தோலின் இயற்கை நிறம் என்பது அவன் போட்ட திட்டம்.

விளிம்பு முழுவதும் மாஸ்கிங் டேப் என்னும் காகித ஒட்டுநாடாவை ஒட்டினான். நடுவே சாயத்தைத் தாராளமாகப் பூசினான். காய்ந்தபின் நாடாவை உரித்துப் பார்த்தால், சாயம் அதற்கடியில் புகுந்து வேர்விட்டது போல் அங்கங்கே பரவியிருந்தது. பையன் ஒன்றும் பேசவில்லை. அன்றிரவு சாப்பிடவும் இல்லை. அதே தோலில் இன்னும் ஓர் உறைக்கு மட்டுமே துண்டு எஞ்சியிருந்தது. பிறந்தநாளுக்கு ஒன்பது நாட்களே இருந்தன. யட்டவத்தவில் தோல்வேலை செய்யும் முதியவர் ஒருவர் இருக்கிறார் என்று நண்பர் ஒருவர் சொல்ல, மறுநாளே பையனை அழைத்துக்கொண்டு புறப்பட்டோம்.

கண்டியிலிருந்து மாத்தளைக்குப் புகையிரதத்தில் சென்றோம். 1880 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பாதை இது. மாத்தளையோடு தண்டவாளம் முடிந்துவிடுகிறது. நேரம் இருந்தமையால், நகருக்கு வடக்கே சிறு தொலைவிலுள்ள அலுவிகாரையைப் பார்த்துவிட்டுச் செல்லலாம் என்று எண்ணினோம். பெரும் பாறைகளுக்கு நடுவே குகைகளாக அமைந்த விகாரை அது. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அதுவரை வாய்மொழியாக வந்த திரிபிடகம் இங்கேதான் ஏட்டில் எழுதப்பட்டது என்பர். 1848 ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியின்போது இங்கிருந்த ஏடுகள் அழிவுக்குள்ளாயின.

அங்கே ஓலையில் எழுதும் முறையைக் காட்டினார்கள். எழுத்தாணியால் ஓலையைக் கீறும்போது எழுத்துகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. பின்னர் எண்ணெயில் குழைத்த கரிமையை ஓலை முழுவதும் தேய்க்கிறார்கள், ஓலையே கறுத்துவிடுகிறது. அதன்மேல் மாவைத் தூவித் துடைத்ததும், கீறிய இடத்தில் மட்டும் மை தங்கி, மற்ற இடமெல்லாம் பளிச்சென்று வெளுத்துவிடுகிறது. பையன் இதை இமை கொட்டாமல் பார்த்தான். “இந்த மை ஏன் பரவவில்லை?” என்று நம்மைக் கேட்டான். அப்போது நமக்கு விடை தோன்றவில்லை.

அலுவிகாரை பத்திக் துணிக்கும் பெயர் பெற்ற ஊர். ஏனா த சில்வா (1922–2015) என்னும் அம்மையார் கொழும்பில் அக்கலையை வளர்த்துப் புகழடைந்தபின், தம் மூதாதையர் ஊராகிய இங்கே திரும்பி வந்து, கிராமத்துப் பெண்களுக்கு அத்தொழிலைப் பயிற்றுவித்தார். பத்திக் வேலையில் சாயம் ஏறக்கூடாத இடங்களில் உருக்கிய மெழுகைத் தடவிவிட்டுத் துணியைச் சாயத்தில் அமிழ்த்துவார்கள். மெழுகு நூலிழைக்குள் இறங்கி நிற்பதால் சாயம் அங்கே நுழைய முடிவதில்லை.

யட்டவத்த, மாத்தளை நகருக்கு வடமேற்கே உள்ளது. பஸ் வண்டி வளைந்து வளைந்து செல்கிறது. மரங்களைத் தழுவி ஏறும் மிளகுக் கொடிகள், ரப்பர் மரங்கள், வீட்டு முற்றங்களில் பலாவும் பாக்கும், தாழ்ந்த இடங்களில் பச்சை வயல்கள் என்று கண்ணுக்குக் குளிர்ச்சியான பாதை. முதியவரின் வீட்டு விறாந்தையே அவருடைய பட்டறை. செருப்பு, இடுப்புவார், பை முதலியவற்றைச் செய்கிறார். தம் பெயரைப் பத்திரிகையில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டமையால் இங்கே அதைக் குறிப்பிடவில்லை.

பையன் கெட்டுப்போன தோலை நீட்டினான். அவர் சிரிக்கவில்லை, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

“தம்பி, தோலு தண்ணி குடிக்கிற சாமான். நீங்க மேல கதவைச் சாத்திட்டீங்க. அது உள்ளுக்குள்ள வழி பாத்துப் போயிருச்சு. டேப்பைக் குத்தம் சொல்ல ஏலாது” என்றார்.

சாயம் பரவியதன் காரணம் நமக்கு அப்போதுதான் விளங்கியது. மாஸ்கிங் டேப் தோலுக்காகப் பிறந்ததன்று. அமெரிக்காவின் செயின்ட் போல் நகரில், இப்போது 3எம் எனப்படும் கம்பெனியில் வேலை பார்த்த ரிச்சர்ட் ட்ரூ என்பவர் 1925 ஆம் ஆண்டு அதை உருவாக்கினார். அந்நாளில் மோட்டார் வண்டிகளுக்கு இரு நிறம் பூசுவது நாகரிகமாக இருந்தது. நிறங்கள் சேரும் இடத்தைக் காக்க ஒட்டிய காகிதத்தைப் பிரிக்கும்போது புதுப் பூச்சும் சேர்ந்து உரிந்து வந்ததால் தொழிலாளர் பட்ட அல்லலைக் கண்டு அவர் இதைச் செய்தார். இரும்புத் தகட்டில் பெயின்ட் மேலே நிற்கிறது; ஆகவே மேலே ஒட்டிய காவல் போதும். தோலோ நுண்ணிய நார்கள் பின்னிய பஞ்சு போன்றது. ஸ்பிரிட்டில் கரைத்த சாயம் அந்நார்களின் வழியே பக்கவாட்டில் ஊர்ந்து செல்லும். மேலே இருக்கும் நாடா அதை எவ்வாறு தடுக்கும்?

முதியவர் முதலில் நல்ல தோலைத் தொடவே இல்லை. கெட்டுப்போன துண்டின் ஓரத்திலேயே வேலையைக் காட்டினார். ஈரத் துணியால் தோலை ஒற்றினார். நாடாவை அளவுகோலாக ஒட்டி, அதன் விளிம்பை ஒட்டினாற்போல் கூரிய கத்தியால் ஒரே இழுப்பில் கீறினார். தோலின் தடிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கத்தி இறங்கக் கூடாது என்றார். பின்பு நாடாவைத் தாழ்வாக மடக்கி மெல்ல உரித்தார். வெடுக்கென்று இழுத்தால் தோலின் மேற்பரப்புப் பெயர்ந்து வரும். மழுங்கிய எலும்புத் துண்டால் கீறலின்மேல் அழுத்தித் தேய்த்ததும், அங்கே நார்கள் இறுகி ஒரு சிறு வாய்க்கால் உண்டாயிற்று. அலுவிகாரையில் கேட்ட கேள்விக்குப் பையன் தானே விடை கண்டுகொண்டான். “ஓலையில் எழுத்தாணி கீறியதைப் போல!” என்றான்.

தோல் காயும்வரை காத்திருந்தோம். வீட்டிலிருந்த அம்மா தேநீரும் அவித்த மரவள்ளிக் கிழங்கும் தந்தார். பெரியவரின் மகன் கொழும்பில் கடையொன்றில் வேலை செய்கிறாராம். “இந்த வேலை செய்யிறவனுக்குப் பொண்ணு குடுக்க யோசிக்கிறாங்க, ஐயா” என்று மிகச் சாதாரணமாகச் சொன்னார். நமக்குத்தான் தேநீர் தொண்டையில் இறங்கவில்லை. நாம் காலில் அணிவதும், கையில் எடுத்துச் செல்வதும் இத்தகையோர் உழைப்பே. அந்த உழைப்பைத் தாழ்வாக எண்ணும் வழக்கம் மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை.

காய்ந்த தோலில், நிறம் ஏறக்கூடாத விளிம்பு முழுவதும் தேன்மெழுகைத் தேய்த்து, சற்றே சூடாக்கி உள்ளே இறங்கச் செய்தார். மெழுகு பட்ட இடம் சிறிது கருமை கொள்ளுமாதலால், விளிம்பு முழுவதற்கும் ஒரே சீராகத் தேய்க்க வேண்டும். தோலில் மெழுகு வைப்பது புதுமையன்று. 1927 ஆம் ஆண்டு இரவீந்திரநாத தாகூர் ஜாவாவுக்குச் சென்று வந்தபின் சாந்திநிகேதனில் பத்திக் கலை வேரூன்றியது. அவருடைய மகன் ரதீந்திரநாத்தும் மருமகள் பிரதிமா தேவியும் ஊக்கியதால் அங்கே தோற்பைகளிலும் அக்கலை படிந்தது.

இறுதியில் சாயம். துணியைச் சாயத்தில் தோய்த்து, பழைய காகிதத்தில் ஒற்றி, ஏறக்குறைய உலர்ந்த நிலையில் எடுத்தார். விளிம்பிலிருந்து நடுவை நோக்கித் தேய்த்தாரேயன்றி, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஒருமுறையும் தள்ளவில்லை. மெல்லிய பூச்சு, காய விடுதல், மறுபடி மெல்லிய பூச்சு என்று மூன்று முறை செய்தார். கோடு கத்தியால் வெட்டியது போல் நின்றது.

“இனி நீங்க செய்ங்க, தம்பி” என்று எஞ்சியிருந்த ஒரே நல்ல துண்டைப் பையனிடம் தள்ளிவிட்டார். நாம் பதறினோம், அவர் கையமர்த்தினார். பையன் உதட்டைக் கடித்துக்கொண்டு கீறினான். ஒரு மூலையில் கை நடுங்கி, கடுகளவு சாயம் வாய்க்காலைத் தாண்டியது. அவன் முகம் வாடியதைக் கண்ட முதியவர், “இருக்கட்டும். கையால செஞ்சது எண்டு தெரியணுமே” என்றார். கூலி வாங்க மறுத்துவிட்டார். மெழுகுக்கு உரிய விலையை மட்டும் பெற்றுக்கொண்டார்.

எண்பது நிறைந்த அன்று பேரன் குறிப்பேட்டைத் தாத்தாவின் கையில் வைத்தான். பெரியவருக்கு இப்போது கண்பார்வை மங்கல். கரும்பழுப்பும் இயற்கை நிறமும் அவருக்குப் பெரிதாகத் தெரிந்திருக்க முடியாது. ஆனால் அவருடைய விரல், சுற்றிலும் ஓடிய கீறலைக் கண்டுகொண்டது. நான்கு பக்கமும் மெல்லத் தடவிச் சென்ற விரல், கடுகளவு பிசகிய மூலையில் சற்றே நின்றது.

“இதை யார் செய்தது?” என்று கேட்டார்.

“நான்தான், தாத்தா.”

பெரியவர் குறிப்பேட்டைத் திறந்து, கடைசிப் பக்கத்தில், தம்மிடம் படித்த பிள்ளைகளின் பெயர்களுக்குக் கீழே, நடுங்கும் கையால் பேரனின் பெயரையும் எழுதினார்.