சில்லறை தந்த சிநேகிதங்கள்

நாணயம் சேர்ப்பதென்றால் அது பணக்காரர்கள் சமாசாரம், கண்ணாடிப் பெட்டியும் பூதக்கண்ணாடியும் வேண்டும் என்று நம்மில் பலர் நினைத்துக் கொண்டிருக்கிறோம். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை, சகோதரிகளே! பழைய அஞ்சறைப் பெட்டி ஒன்று சும்மா கிடந்தால் போதும். எனக்கு இந்த ஆசை வந்து பன்னிரண்டு வருஷமாகிறது. இதுவரை இதற்காக நான் செலவழித்த தொகை ஒரு சுமாரான கைத்தறிப் புடவையின் விலைகூட இராது. ஆனால் இதனால் எனக்குக் கிடைத்த மனிதர்கள் ஏராளம்.

தனியாக உட்கார்ந்து காசை அடுக்கி அழகு பார்ப்பதில் எனக்கு அவ்வளவாக ருசி கிடையாது. யாரிடமாவது காட்ட வேண்டும். அவர்கள் பதிலுக்கு ஒரு கதை சொல்ல வேண்டும். சுகமே அதில்தான்.

முதலில் என்னிடம் அகப்பட்டவர் என் மாமியார். எண்பதைத் தாண்டியவர். முழங்கால் வலியால் கோயில், குளம் என்று போவதெல்லாம் நின்றுபோன பிறகு பேச்சும் குறைந்துவிட்டது. "சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா" என்பதற்கு மேல் எங்களுக்குள் பேச விஷயமே இல்லாமல் போயிற்று. ஒரு நாள் மத்தியானம் ஒரு தட்டு நிறையப் பழைய காசுகளைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்து, "அத்தை, இதெல்லாம் என்ன காசுன்னு கொஞ்சம் சொல்லுங்களேன்" என்றேன்.

விரலால் தடவிக்கொண்டே வந்தவர் ஒன்றை எடுத்து, "அட, ஓட்டைக் காலணா! எங்க அம்மா இதைக் கயித்துல கோத்து உறியிலே தொங்க விட்டிருப்பாங்க" என்றார். அவ்வளவுதான், அன்றைக்குச் சாயங்காலம் வரை ஓயவில்லை! நடுவில் வட்டமாக ஓட்டை போட்ட அந்தக் காசு 1943 முதல் 1947 வரை அச்சடிக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர் நடந்த சமயம், உலோகத்துக்குத் தட்டுப்பாடு. ஓட்டை போட்டால் அந்த அளவுக்கு மிச்சம் என்று செய்த சிக்கனம் அது.

1957 ஏப்ரல் 1-ஆம் தேதி நயா பைசா வந்த கதையையும் அவர்தான் சொன்னார். அப்போது பாவாடை கட்டிய சின்னப் பெண். அதுவரை ரூபாய்க்கு 16 அணா. அன்றிலிருந்து 100 காசு. நூறைப் பதினாறால் வகுத்தால் அணாவுக்கு ஆறேகால் காசு வரும். கால் காசுக்கு எங்கே போவது? அதனால் ஓரணாவுக்கு 6, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25 என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள்.

"எங்க அம்மா லேசுப்பட்டவங்க இல்லை. நாலணாவுக்குச் சாமான் வேணும்னா, ஒவ்வொரு அணாவுக்கா நாலு தடவை போய் வாங்கிட்டு வாடின்னு அனுப்புவாங்க. இருபத்து நாலு காசுதானே ஆகும்? ஒரு காசு லாபம்! மூணாவது தடவை போறப்போ செட்டியார் கண்டுபிடிச்சுட்டார்" என்று சொல்லிவிட்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது.

பெரியவர்களுக்குக் கதை என்றால் குழந்தைகளுக்குக் கணக்கு. மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்கு வடிவங்களைச் சொல்லிக் கொடுக்க நான் புத்தகத்தைத் தேடவில்லை. அலுமினிய ஒரு பைசா சதுரம். மூன்று பைசா அறுகோணம். தொண்ணூறுகளில் வந்த இரண்டு ரூபாய்க்குப் பதினொரு பக்கம். இப்போதைய இருபது ரூபாய்க்குப் பன்னிரண்டு. விரலை ஓட்டி எண்ணிப் பார்த்துவிட்டாள் என்றால் மறக்கவே மாட்டாள். இன்னொரு விளையாட்டும் உண்டு. காசில் வருஷத்துக்குக் கீழே பாருங்கள். நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத்தில் அச்சானது. சாய்சதுரம் இருந்தால் மும்பை. சிறு புள்ளி என்றால் நொய்டா. ஒரு குறியுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. பருப்பு வேகும் நேரத்துக்குள் என் பர்ஸிலேயே நாலு ஊரையும் பிடித்து விடுகிறாள்!

விஷயம் மெல்லத் தெருவுக்கும் பரவியது. "காசு அக்கா" என்றே எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். 1995-இல் தஞ்சாவூரில் நடந்த எட்டாவது உலகத் தமிழ் மாநாட்டுக்காகத் திருவள்ளுவர் உருவத்தோடு நாணயம் வெளியிட்டார்கள் அல்லவா? அதை எனக்காக எடுத்து வைத்திருந்து கொடுத்தவர் ஒரு பஸ் கண்டக்டர். நான் வேறு ஐந்து ரூபாயை நீட்டினால், "கணக்கு சரியாப் போச்சும்மா" என்று வாங்கிப் பையில் போட்டுக் கொண்டார்.

மளிகைக்கடைக்காரரிடம் நடந்தது வேறு கதை. பத்து ரூபாய் நாணயத்தைக் கண்டாலே, "இது செல்லாதும்மா, டிசைன் வேற மாதிரி இருக்கு" என்பார். என்னிடம் இருந்த பல விதமான பத்து ரூபாய் நாணயங்களை ஒரு அட்டையில் செருகிக் கொண்டுபோய்க் காட்டினேன். அதுவரை வந்த 14 டிசைன்களும் செல்லும் என்று 2018 ஜனவரியிலேயே ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. கடைக்காரர் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். "அப்ப வாங்கிக்கலாம்ங்கிறீங்க?" என்றார். இப்போது வாங்கிக் கொள்கிறார். மற்றவர்களுக்கும் அவரே சொல்கிறார்.

இதையெல்லாம்விட முக்கியமாக நான் சொல்ல நினைத்தது எங்கள் பூக்காரம்மாவைப் பற்றி. போன வருஷம் ஒரு நாள் கூடையை இறக்கியதும் முந்தானை முடிச்சிலிருந்து ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றை எடுத்துக் காட்டினாள். வைஷ்ணவி தேவி உருவம் போட்ட, 2012-ஆம் வருஷத்து நாணயம். "அக்கா, இதுக்குப் பத்து லட்சம் தர்றாங்களாம். பையன் போன்ல பார்த்தான். மொதல்ல ரெண்டாயிரம் கட்டணுமாம். சீட்டுப் பணம் வெச்சிருக்கேன், கட்டிடலாமா?" என்றாள்.

எனக்குப் பகீரென்றது. அவளை உட்கார வைத்து, என் டப்பாவிலிருந்து அதே நாணயத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். "உனக்குப் பத்து லட்சம்னா எனக்கும் பத்து லட்சம் வரணுமே! நான் ஏன் இன்னும் வாடகை வீட்டுல இருக்கேன்?" என்று கேட்டேன். புரிந்து கொண்டாள். முகம் வாடிப் போயிற்று. ஆனால் சீட்டுப் பணம் தப்பியது. பழைய காசு, நோட்டு விற்பதற்கென்று ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிக் கட்டணமும் கமிஷனும் கேட்கிறார்கள், ஏமாறாதீர்கள் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்ட் 4-ஆம் தேதி எச்சரித்திருக்கிறது. நாணயத்தை வாங்குகிறவன் நமக்குத்தான் பணம் தர வேண்டும். நம்மிடம் முன்பணம் கேட்டால் அது மோசடியேதான். உங்கள் வீட்டில் வேலை செய்கிறவர்கள், காய்கறிக்காரர், பூக்காரர் எல்லோருக்கும் இதைத் தயவுசெய்து சொல்லி வையுங்கள்.

அதற்கு இரண்டு நாள் கழித்து அவளே ஒரு காசு கொண்டு வந்தாள். 1970-ஆம் வருஷத்துத் தாமரைப் பூ இருபது பைசா. மஞ்சளாகப் பளபளக்குமே, அதுதான். "எங்க ஆத்தா லட்சுமின்னு சாமி மாடத்துல வெச்சிருந்துச்சு. நீயே வெச்சுக்கக்கா" என்றாள். 1968 முதல் 1971 வரை அச்சான காசு அது. பல வீடுகளில் இதை நூற்றெட்டு சேர்த்து வைத்து லட்சுமி பூஜைக்கு அர்ச்சனை செய்வதுண்டு. அபூர்வமும் இல்லை, ஆனால் மதிப்பே இல்லாததும் இல்லை. நாணய வியாபாரிகள் என்ன விலைக்கு விற்கிறார்கள் என்பதை அவளிடம் முதலில் சொன்னேன். விவரம் தெரியாதவர்களிடம் விலையைச் சொல்லாமல் ஒரு காசுகூட வாங்குவதில்லை என்பது ஆரம்பத்திலிருந்தே நான் வைத்திருக்கும் நியமம். பிறகு ஒரு வெள்ளைத் தாளை அந்தக் காசின் மேல் வைத்துப் பென்சிலால் மெல்லத் தேய்த்தேன். தாமரை அப்படியே தாளில் மலர்ந்தது! அந்தத் தாள் என் ஆல்பத்தில் இருக்கிறது. அவள் ஆத்தாவின் காசு மறுபடி அவள் வீட்டுச் சாமி மாடத்துக்கே போய்விட்டது.

நீங்களும் ஆரம்பிக்க விரும்பினால் சில யோசனைகள்:

பழைய காசைப் புளி போட்டோ சாம்பல் போட்டோ தேய்க்காதீர்கள். பளபளப்பு வரும், மதிப்புப் போய்விடும். ஓரத்தைப் பிடித்து எடுங்கள். முகத்தில் விரல் பட்டால் கறை ஏறும். ஈரமில்லாத இடத்தில், ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் வைத்து, யார் கொடுத்தது, எப்போது கொடுத்தது என்று உறைமேல் எழுதி வையுங்கள். 25 பைசாவும் அதற்குக் கீழானவையும் 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு செல்லாமல் போய்விட்டன. அவற்றில் 1979-இல் குழந்தைகள் ஆண்டுக்காக வந்த பத்துப் பைசாவும், 1980-இல் கிராமப் பெண்கள் முன்னேற்றத்துக்காக வந்த 25 பைசாவும் உண்டு. பாட்டியின் டிரங்குப் பெட்டியைக் கிளறிப் பாருங்கள்.

கைக்குழந்தை உள்ள வீட்டில் காசு டப்பா எட்டாத உயரத்தில்தான் இருக்க வேண்டும். குழந்தை காசை விழுங்கிவிட்டால், வாழைப்பழம் கொடுத்து இறக்கப் பார்ப்பதும் தொண்டையில் விரலை விடுவதும் கூடாது. உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். காசு எங்கே நிற்கிறது என்பது எக்ஸ்ரேயில்தான் தெரியும்.

இப்போது தள்ளுவண்டியில்கூட அட்டையை மாட்டிவிட்டார்கள். போனைக் காட்டினால் பணம் போய்விடுகிறது. சில்லறை கை மாறும்போது நாலு வார்த்தை பேசிக்கொண்ட வழக்கமும் கூடவே போய்க் கொண்டிருக்கிறது. இன்று ராத்திரி பாத்திரமெல்லாம் கவிழ்த்து வைத்த பிறகு, பர்ஸில் இருக்கும் சில்லறையை வீட்டிலுள்ள பெரியவர் ஒருவர் முன்னால் கொட்டி, "நீங்க சின்னப் பிள்ளையா இருந்தப்போ இதுக்கு என்ன கிடைச்சுது?" என்று கேட்டுப் பாருங்களேன்!